'ஜீரோ' பாட்டில் பொய் சொல்லவில்லை... ஆனால், முழு உண்மையைச் சொல்கிறதா? - டயட் கூல் டிரிங்க்ஸ் Vs சாதா கூல் டிரிங்க்ஸ்

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய அபிராமேஸ்வரர் கோயில் இங்கேதான். இந்தக் கோயிலுக்கு இன்னொரு பெயரும் உண்டு... சத்தியம் செய்கிற இடம். பங்காளிச் சண்டை, கொடுக்கல் வாங்கல் தகராறு என்று எதுவாக இருந்தாலும், 'வட்டப்பாறையில வந்து சத்தியம் பண்ணு' என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம்.

அந்த வட்டப்பாறைக்கு ஒரு கதை சொல்வார்கள். தம்பியின் பங்கை அபகரித்த அண்ணன் ஒருவன், அதையெல்லாம் பொன்னாக்கி, ஒரு கைத்தடிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டான். பஞ்சாயத்து வட்டப்பாறைக்கு வந்தது. சத்தியம் செய்யப்போகும் நேரத்தில், 'கொஞ்சம் பிடி' என்று கைத்தடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, 'என்கிட்ட எதுவும் இல்ல, எல்லாம் தம்பிகிட்டயேதான் இருக்கு' என்று பாறையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும், ஊர் திரும்பும் வழியில் தும்பூரில் பாம்பு தீண்டி இறந்துபோனான் என்று முடிகிறது கதை.

சரி, கூல் டிரிங்க்ஸ் பத்திப் பேச வந்துட்டு கோயில் கதை எதுக்குன்னுதானே கேக்குறீங்க? காரணம் இருக்கிறது. இன்றைக்குக் கடை ஃபிரிட்ஜில் இருக்கும் 'ஜீரோ', 'டயட்', 'நோ சுகர்' பாட்டில்கள் எல்லாம் அந்த அண்ணனைப் போலத்தான் சத்தியம் செய்கின்றன. 'என்கிட்ட சர்க்கரை இல்லை' என்கின்றன. உண்மைதான், இல்லை. ஆனால், நாம் தெரிந்துகொள்ள நினைத்தது அது மட்டுமா?

பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது 'ஜீரோ'

சில வருடங்களுக்கு முன்புவரை டயட் கோக் என்பது சென்னை மால்களிலும் பெரிய ஹோட்டல்களிலும் கிடைக்கிற வெள்ளி நிற டின். விலையும் அதிகம். கிராமத்துக் கடைக்கு அது வந்ததில்லை. வந்தாலும் வாங்க ஆள் இல்லை.

நிலைமை மாறிவிட்டது. பழைய 'கேம்பா' பிராண்டை வாங்கிய ரிலையன்ஸ், 2023-ல் அதைத் திரும்பக் களமிறக்கியது. 200 மி.லி. பாட்டில் 10 ரூபாய் என்று விலை வைத்தது. போட்டியைச் சமாளிக்க, கோக், பெப்சி நிறுவனங்களும் இறங்கி வந்தன. 2025-ல், சர்க்கரை இல்லாத வகைகளையே 10 ரூபாய் குட்டி பாட்டிலில் விற்க ஆரம்பித்தன. அதாவது, டீக்கு ஆகிற காசில் 'ஜீரோ' வாங்கலாம்.

இதனால், எந்த ஊர்க் கடையிலும் இப்படியொரு பேச்சு காதில் விழலாம்.

"தம்பி, எனக்கு சுகர் இருக்குதுப்பா. கலரெல்லாம் குடிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"இது சக்கரையே இல்லாதது பெரிம்மா. நீங்க தாராளமா குடிக்கலாம்."

"அப்படியா? அப்ப பேரப்புள்ளைக்கும் ஒண்ணு குடு."

இந்த மூன்று வரிப் பேச்சில் ஒரு சரியான தகவல் இருக்கிறது, ஒரு பாதி சரியான தகவல் இருக்கிறது, ஒரு தப்பான முடிவும் இருக்கிறது. எது எது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டிலுக்குள் என்ன வித்தியாசம்?

முதலில் சாதா கூல் டிரிங்க்ஸ். கோலா வகை பானங்களில் 100 மி.லி.க்கு சுமார் 10 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். அப்படியென்றால் 200 மி.லி. குட்டி பாட்டிலில் ஐந்து டீஸ்பூன். 250 மி.லி. என்றால் ஆறரை. விருந்தாளி வந்தால் வாங்குகிற 750 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய இருபது டீஸ்பூன்!

வீட்டில் யாராவது ஒரு டம்ளர் காபிக்கு ஐந்து ஸ்பூன் சர்க்கரை போட்டால் சும்மா விடுவீர்களா? ஆனால், பாட்டிலில் இருப்பது நாக்குக்குத் தெரிவதில்லை. புளிப்பும் குளிர்ச்சியும் கேஸும் சேர்ந்து அந்த இனிப்பை மறைத்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை காபியில் ஆரம்பித்து பிஸ்கட், டீ வரை எல்லாமே இந்தக் கணக்கில் அடக்கம். ஒரு குட்டி பாட்டில் அதில் ஐந்தைச் சாப்பிட்டுவிடுகிறது.

அடுத்து டயட் அல்லது ஜீரோ. இதில் சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டிகள். ஆஸ்பர்டேம், அசெசல்ஃபேம் பொட்டாசியம், சுக்ரலோஸ் ஆகியவைதான் பெரும்பாலும் இருக்கும். லேபிளில் 951, 950, 955 என்று எண்களாகவும் போட்டிருப்பார்கள். ஆஸ்பர்டேம் சர்க்கரையைவிட சுமார் 200 மடங்கு இனிப்பு; சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு. அதனால் மில்லிகிராம் கணக்கில் போட்டாலே போதும். கலோரி ஏறக்குறைய பூஜ்ஜியம்.

இந்த சுக்ரலோஸ் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1976-ல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் சஷிகாந்த் ஃபட்னிஸ் என்ற இந்திய மாணவர் சர்க்கரையைக் குளோரினோடு சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பொருளை 'டெஸ்ட்' செய்யச் சொன்னார் பேராசிரியர். அது இவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். இனித்தது!

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒரு பக்கெட் தண்ணீரில் சாதா கோக் டின் ஒன்றையும் அதே அளவு டயட் கோக் டின் ஒன்றையும் போடுங்கள். டயட் டின் மிதக்கும்; சாதா டின் மூழ்கும். மூழ்கடிப்பது உள்ளே கரைந்திருக்கும் சர்க்கரையின் எடை. பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினால், பத்து அட்வைஸை விட இது நன்றாகப் பதியும்.

வித்தியாசம் இவ்வளவுதான். மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பிதான். இரண்டிலும் கேஸ் இருக்கிறது. கோலா என்றால் இரண்டிலும் காஃபீன் இருக்கிறது, பாஸ்பாரிக் அமிலமும் இருக்கிறது. நம் பல்லின் எனாமல் கரைய ஆரம்பிக்கும் அமில அளவு, பி.ஹெச். கணக்கில் சுமார் 5.5. இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம். சாதா கோலா 2.5-ஐ ஒட்டி நிற்கிறது; டயட் வகை அதைவிடச் சற்று மேலே, 3-ஐ ஒட்டி. சாதா பானத்தில் சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியாக்களாலும் பல் சொத்தையாகிறது. டயட்டில் அந்த ஆபத்து இல்லை. ஆனால், அமில அரிப்பிலிருந்து டயட்டும் தப்பவைக்காது. 'சர்க்கரை இல்லை, பல்லுக்கு ஒண்ணும் ஆகாது' என்று நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க.

சுகர் இருப்பவர்கள் குடிக்கலாமா?

விழுப்புரத்திலிருந்து சென்னை போகும் வழியில் முண்டியம்பாக்கம் வரும். அங்கே ஒரு சர்க்கரை ஆலை இருக்கிறது. சீசனில் கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் வரிசைகட்டி நிற்கும். அதே முண்டியம்பாக்கத்தில்தான் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. சுற்றுவட்டார கிராமங்களிலிருந்து ஜனங்கள் வைத்தியத்துக்கு வருவதும் இங்கேதான். சர்க்கரை என்ற ஒரே சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இரண்டு அர்த்தங்களும் ஒரே ஊரில் வந்து நிற்கின்றன.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. இந்திய சராசரி 11.4 சதவிகிதம். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஒருவருக்கு சுகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரையும் சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருவது இதனால்தான்.

இவர்களுக்கு சாதா கூல் டிரிங்க்ஸ் நிச்சயம் எதிரி. கரைந்த நிலையில் இருக்கும் சர்க்கரை, மெல்லவோ செரிக்கவோ வேலை வைக்காமல் விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறிவிடும். டயட் பானம் அப்படிச் செய்வதில்லை. குடித்ததும் சுகர் எகிறாது. ஆக, கடைக்காரத் தம்பி சொன்ன 'சர்க்கரை இல்லை' சரியான தகவல். சாதா பாட்டிலா, டயட் பாட்டிலா என்று இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், சுகர் பேஷன்டுக்கு டயட்டே மேல்.

'தாராளமா குடிக்கலாம்' என்பதுதான் பாதி சரி. 2022-ல் 'செல்' ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 120 பேருக்கு நான்கு வகை இனிப்பூட்டிகளைக் குழுக்களாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்கரினும் சுக்ரலோஸும் சாப்பிட்ட குழுக்களில், உடல் குளுக்கோஸைக் கையாளும் விதத்தில் மாற்றம் தெரிந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் மாறுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறவில்லை. இது சின்ன ஆய்வுதான்; இதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால், 'உடலுக்கு இது தண்ணீர் மாதிரி' என்று நினைத்து தினமும் இரண்டு பாட்டில் குடிக்கவும் வேண்டாம்.

உயிர் காக்கும் நேரத்தில் 'ஜீரோ' கைவிடும்

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம். தயவுசெய்து இதை மட்டுமாவது வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சுகர் இருப்பவர்களுக்கு அளவு ஏறுவது மட்டும் ஆபத்து இல்லை. திடீரென்று இறங்குவதும் ஆபத்து. இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் 'லோ சுகர்' ஆகலாம். பிரதோஷ விரதம், வெயிலில் வரிசையில் நிற்பது, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பது, காலையில் வெறும் வயிற்றோடு களைவெட்டப் போவது... நம் வாழ்க்கையில் இதற்கான சந்தர்ப்பங்கள் நிறைய.

கை நடுங்கும். குப்பென்று வியர்க்கும். படபடப்பு, பசி, கண் இருட்டல். பேச்சு குழறும். அளந்து பார்த்தால் 70-க்குக் கீழே இருக்கும். அந்த நேரத்தில் உடனடியாக 15 கிராம் சர்க்கரை உள்ளே போக வேண்டும். இதற்குப் பக்கத்துக் கடையில் சட்டென்று கிடைக்கும் மருந்து எது தெரியுமா? நாம் இவ்வளவு நேரம் திட்டிக்கொண்டிருந்த சாதா கூல் டிரிங்க்ஸ். அதில் 150 மி.லி. கொடுத்தால் சுமார் 15 கிராம் கிடைத்துவிடும்.

இங்கேதான் சிக்கல். முன்பெல்லாம் 'ஒரு கலர் குடுப்பா' என்று கேட்டால் கடையில் எந்தப் பாட்டிலை எடுத்தாலும் சர்க்கரை இருந்தது. இன்று அதே ஃபிரிட்ஜில், அதே விலையில், அதே வடிவத்தில் ஜீரோவும் நிற்கிறது. பதற்றத்தில் ஓடிவந்தவர் லேபிளைப் படிக்க மாட்டார். 'சுகர் பேஷன்ட் ஆச்சே, சர்க்கரை இல்லாததையே குடுப்போம்' என்று நல்லெண்ணத்தோடு ஜீரோவை எடுத்துக்கொடுப்பவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் முழுவதையும் குடித்தாலும் சுகர் ஒரு புள்ளிகூட ஏறாது. நிமிடங்கள்தான் வீணாகும்.

எனவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

* மயக்கம் வருவதுபோல் இருக்கிறது, ஆனால் விழுங்க முடிகிறது என்றால்: மூன்று அல்லது நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் பவுடர் இருந்தால் இன்னும் நல்லது. வெளியில் இருந்தால் சாதா கூல் டிரிங்க்ஸில் முக்கால் குட்டி பாட்டில். 'ஜீரோ, டயட், நோ சுகர் இல்லையே?' என்று ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.

* 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு. சரியானதும் இட்லி, பிஸ்கட் என்று ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி இறங்கிவிடும்.

* சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

* வோக்ளிபோஸ், அகார்போஸ் வகை மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் வெறும் சர்க்கரை வேலை செய்யத் தாமதமாகும். அவர்களுக்கு குளுக்கோஸ்தான் சரி. மாத்திரைச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

* நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு போன் செய்யுங்கள்.

எடை குறையுமா?

தினமும் இரண்டு சாதா பாட்டில் குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே டயட்டுக்கு மாறினால், அந்த கலோரி மிச்சம்தான். குறுகிய காலச் சோதனைகளில் கொஞ்சம் எடை குறைவதும் தெரிந்திருக்கிறது. ஆனால், உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது: 'எடையைக் கட்டுப்படுத்துவதற்கான வழியாகச் செயற்கை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம்.' நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வருடக்கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், இனிப்பூட்டிகளை அதிகம் எடுத்தவர்களிடம் டைப் 2 சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகவே காணப்பட்டன.

இதில் ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. ஏற்கெனவே எடை கூடியவர்கள், சுகர் வரும் என்று பயந்தவர்கள்தானே டயட் பானத்தைத் தேடிப் போகிறார்கள்? அப்படியென்றால் பானத்தால் நோய் வந்ததா, நோய் பயத்தால் பானம் வந்ததா? இதை முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதால்தான், அந்த வழிகாட்டுதலையும் 'நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை' என்றே வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

ஆய்வு கிடக்கட்டும், நம் பழக்கத்தைப் பார்ப்போம். 'ஜீரோதானே குடிச்சேன்' என்ற தைரியத்தில் இன்னொரு பரோட்டா உள்ளே போகிறதா, இல்லையா? மிச்சம் பிடித்த கலோரி சால்னாவில் கரைந்துவிடுகிறது. இன்னொன்று, நாக்கு. இனிப்பைக் குறைத்துப் பழகினால் சில வாரங்களில் அரை ஸ்பூன் காபியே போதும் என்றாகிவிடும். டயட் பானம் அந்தப் பழக்கம் வர விடாது. சர்க்கரைதான் போகிறது; இனிப்பு ஆசை அப்படியே இருக்கிறது.

புற்றுநோய் வருமாமே?

2023 ஜூலையில் வாட்ஸ்அப்பைக் கலக்கிய செய்தி இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பர்டேமை '2பி' பிரிவில் வைத்தது. 'புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்; ஆதாரம் குறைவு' என்பதுதான் அதற்கு அர்த்தம். புகையிலை இருப்பது முதல் பிரிவில். 2பி-யில் கற்றாழையின் முழு இலைச் சாறுகூட இருக்கிறது.

அதே நாளில், உணவுச் சேர்க்கைகளை ஆராயும் இன்னொரு சர்வதேச நிபுணர் குழு, பழைய பாதுகாப்பு வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்பது அந்த வரம்பு. 70 கிலோ எடையுள்ளவர் ஒரே நாளில் 9 முதல் 14 டின் வரை குடித்தால்தான் அதைத் தாண்டுவார். எப்போதாவது ஒரு டின் குடிப்பவர் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

பேரப்பிள்ளைக்கு வாங்கியதுதான் தப்பு

மேலே சொன்ன கணக்கைக் குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 800 மில்லிகிராம். ஒரு டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று, நான்கு டின்னில் எல்லை வந்துவிடும். பெரியவர்களுக்குச் சொல்லும் 'பத்து டின்' ஆறுதல் பிள்ளைகளுக்கு இல்லை. காஃபீனும் அப்படித்தான், சின்ன உடம்புக்கு அது பெரிய அளவு.

ஆஸ்பர்டேம், அசெசல்ஃபேம் சேர்த்த பல பாட்டில்களிலேயே, 'குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 'ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற வரியும் இருக்கும். பிறவியிலேயே வரும் அரிய குறைபாடு அது. ஆஸ்பர்டேமில் இருக்கும் ஃபீனைல்அலனின் அவர்கள் உடலில் செரிக்காது. இந்த எச்சரிக்கையெல்லாம் ஆங்கிலத்தில், எறும்பு சைஸில், பாட்டிலின் பின்பக்கம். 'ஜீரோ' மட்டும் முன்பக்கம், கொட்டை எழுத்தில். வட்டப்பாறை அண்ணன் நினைவுக்கு வருகிறானா?

'அப்ப சாதா பாட்டில் வாங்கிக் குடுக்கலாமா?' என்றால், அதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்த இரண்டில் எது நல்லது என்ற கேள்வியே தேவையில்லை. இரண்டுமே தினசரிப் பானம் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது?

2025 செப்டம்பர் 22 முதல் கூல் டிரிங்க்ஸுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். அதற்கு முன்பு 28 சதவிகித வரியும் 12 சதவிகித செஸ்ஸும். மொத்தம் ஒன்றுதான், பெயர்தான் மாறியது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. சர்க்கரை போட்டாலும் இனிப்பூட்டி போட்டாலும் நம் நாட்டில் வரி ஒரே அளவுதான். 100 மி.லி.யில் 11 கிராம் சர்க்கரை போடும் நிறுவனத்துக்கும், அதை 4 கிராமாகக் குறைக்கும் நிறுவனத்துக்கும் வித்தியாசம் இல்லை. குறைக்கச் சொல்லித் தூண்ட எதுவும் இல்லை.

பக்கத்தில் இருக்கும் இலங்கையைப் பாருங்கள். 2016-லேயே குளிர்பான பாட்டிலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சர்க்கரை அளவுக்கேற்ப நிறம் போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போய் பாட்டிலை எடுத்தால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். 2017 நவம்பரில் ஒரு கிராம் சர்க்கரைக்கு 50 சதம் என்று வரியும் போட்டார்கள். விகிதம் பிறகு மாறினாலும், கிராம் கணக்கில் வரி போடலாம் என்று காட்டிவிட்டார்கள். பிரிட்டனில் 2018 ஏப்ரல் முதல், 100 மி.லி.யில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கூடுதல் வரி. வரிக்குப் பயந்தே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன. அதே நேரம், குறைந்த சர்க்கரையின் இடத்தைப் பல பானங்களில் இனிப்பூட்டிகள் பிடித்துக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்ற கோரிக்கை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதங்களுக்குள் பரிந்துரையை முடிக்கச் சொன்னது. பிறகு கெடு நீட்டிக்கப்பட்டது.

ஆனால், நம்பிக்கை தரும் ஒரு சம்பவமும் நடந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்க, மெடிக்கல் ஷாப்பில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்களை வாங்கிப்போனார்கள் பெற்றோர்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்க வேண்டும். அந்தப் பானங்களில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு வருடங்கள் போராடினார். 2025 அக்டோபரில், தரத்துக்கு உட்படாத எந்தப் பானமும் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. லேபிளில் இருக்கும் மூன்று எழுத்து எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அப்ப என்னதான் குடிக்கிறது?

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில், கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று மார்ச் 1 முதல் தமிழக வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நம் ஊர் 'பொவன்டோ'வுக்கு அப்போது திடீர் மவுசு. 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பானம் அது. ஊர்ப் பாசம் நல்லதுதான். ஆனால், கணையத்துக்கு ஊர் தெரியாது. பொவன்டோ, பன்னீர் சோடா, கலர் எதுவானாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

'இயற்கைப் பானம்' என்பதிலும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். பனை மரங்கள் நிறைந்த விழுப்புரம் மாவட்டத்தில் பதநீர் பிரபலம். சத்து இருக்கிறது, ஆனால், அதிலும் நூற்றுக்கு பத்து பங்குக்கு மேல் சர்க்கரை. கரும்புச் சாறு இன்னும் கூடுதல். சுகர் இருப்பவர்கள் இரண்டையும் கூல் டிரிங்க்ஸ் கணக்கிலேயே வைக்க வேண்டும். இளநீரில் சர்க்கரை இவற்றைவிட மிகக் குறைவு. சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மட்டும் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்டுக் குடிக்கலாம்.

எல்லோருக்கும் பொருந்துவது, பானைத் தண்ணியும் நீர்மோரும்தான். கேஸ் இல்லாமல் இறங்காது என்பவர்கள், வெறும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து உப்பு போட்டுக் குடிக்கலாம். பி.பி. இருந்தால் உப்பில் கை கட்டுப்படட்டும்.

கடையில் நிற்கும்போது கவனிக்க...

* பாட்டிலைத் திருப்புங்கள். '100 மி.லி.க்கு' என்று போட்டிருக்கும் சர்க்கரை அளவை முழு பாட்டிலுக்குப் பெருக்கி, நான்கால் வகுங்கள். அத்தனை டீஸ்பூன்!

* சில பானங்களில் சர்க்கரையும் இனிப்பூட்டியும் சேர்ந்தே இருக்கும். 950, 951, 955 எண்களைத் தேடுங்கள்.

* தினமும் சாதா கூல் டிரிங்க்ஸ் குடிக்கிற பழக்கத்தை விட நினைக்கிறீர்களா? டயட்டைச் சில வாரங்களுக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊன்றுகோலையும் விட்டுவிடுங்கள்.

* வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், அவர் பையில் குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும். கடை பாட்டிலை நம்பி இருக்க வேண்டாம்.

'ஆ' என்றால் பசு. பசுக்கள் வழிபட்டுக் கொம்பு பெற்ற தலம் என்பதுதான் திருவாமாத்தூரின் பெயர்க் கதை. பசுவின் பெயரில் இருக்கும் ஊரில் நின்றுகொண்டு தாகம் எடுத்தால் எதைக் குடிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டம்ளர் மோரிடம் சத்தியம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த முறை கடைக்காரத் தம்பி 'இது ஜீரோ பெரிம்மா' என்று பாட்டிலை நீட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சக்கரை இல்லன்னு தெரியுதுப்பா... வேற என்னென்ன இருக்குது, அதைப் படிச்சுச் சொல்லு!"